மறைகுலப் பெண்ணின் இடது காது

அத்தியாயம் ஆறு

கடா பின்னாலிருந்து முழங்காலில் முட்டியபோது தோர்லாக் ஒரு முக்கியமான தடயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான். விழுந்த பிறகு எந்தத் தடயம் என்பது மறந்துவிட்டது.

'ரெய்க்யாவிக்கின் முதன்மைத் துப்பறிவாளர்' என்று தன் அட்டையில் தானே அச்சடித்துக்கொண்ட மனிதன், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, செம்மறிப் புழுக்கையில் மல்லாந்து கிடந்தான். ஊர் என்றால் நூறு பேர். ஐஸ்லாந்தில் நூறு பேர் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது திருவிழா. இன்று திருவிழாதான். கோடை முழுக்க மலையில் மேய்ந்த ஆடுகளை மொத்தமாக ஓட்டிவந்து வட்டக் கல்பட்டிக்குள் விட்டிருந்தார்கள். ஆளாளுக்கு ஓர் ஆட்டைக் கொம்பில் பிடித்து, வட்டத்தைச் சுற்றியிருந்த அவரவர் பட்டிக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தலைவரே, குற்றவாளி தப்பிச்சுட்டான்" என்று மதிலின் மேல் உட்கார்ந்திருந்த ஸ்வாவா குரல் கொடுத்தாள். "ரெண்டு கொம்பு, நாலு காலு. அங்க அடையாளம் எழுதிக்கவா?"

ஸ்வாவா அவனுடைய உதவியாளர். சம்பளம் ஒழுங்காக வராததால் கிண்டலில் கழித்துக்கொள்வது அவள் வழக்கம்.

"கையைக் குடு."

"குடுக்கறேன். ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறேன். அப்படியே இருங்க. நல்ல வெளிச்சம்."

தோர்லாக்குக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட முகாந்திரம் வேண்டுமே. போன குளிர்காலத்தில் ரெய்க்யாவிக்கில் தோட்டம் தோட்டமாகக் குழந்தைகள் துள்ளிக் குதிக்கும் டிராம்போலின்கள் காணாமல் போயின. அது ஒரு கும்பலின் வேலை என்று தோர்லாக் வரைபடம் போட்டு விளக்கினான், பேட்டியும் கொடுத்தான். கடைசியில் டிராம்போலின்களைத் தூக்கிப்போனது காற்று என்று தெரிந்தது. அத்தனையும் ஒரே பள்ளத்தில் கிடந்தன. அதன் பிறகு யாராவது அவனைப் பார்த்துச் சிரித்தால் அவனும் சேர்ந்து சிரித்துவிடுவான். தனியாக நிற்பதற்கு அது தேவலாம்.

அந்த டிராம்போலின் மனிதனைத் தேடி ஹால்பெரா வந்ததுதான் அதிசயம்.

அறுபத்தைந்து வயது, மெலார் பண்ணைக்காரி, முறம் போல அகன்ற கைகள். போன வாரம் அவன் அலுவலகத்தில் உட்கார்ந்து, காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்: "அந்த மறைகுலப் பெண் படத்தைப் பத்தி நீ பேப்பர்ல எழுதியிருந்ததைப் படிச்சேன், தம்பி. ஒரு வரி புரியல. அதனால பெரிய ஆளாத்தான் இருப்பேன்னு கெளம்பி வந்தேன்."

படம் நாடறிந்தது. ஐஸ்லாந்துக் கதைகளில் மனிதர் கண்ணில் படாமல் பாறைகளுக்குள் குடியிருக்கும் மறைகுலத்தாரில் ஒரு பெண். இடுப்புக்குக் கீழே உடம்பு மூடுபனியாகக் கரைகிறது. கையில் மெல்லிய ஒளிக்கோல், அதன் நுனியில் சிவப்பு. பின்னால் கொம்பு முளைத்த ஒரு மலை, எங்கோ பார்த்தது போலவும் எங்கும் பார்க்காதது போலவும். முடியை ஒதுக்கிவிட்ட இரண்டு பக்கமும் விசித்திரமான காதுகள். கண்கள் மட்டும் நேராக நம்மையே பார்க்கின்றன, ஏதோ நாம்தான் அவளிடம் சொல்ல மறந்துவிட்டது போல. வரைந்தவர் பிரான்டூர். கல்த்தாவிக் பண்ணைக்காரர், செத்து ரொம்ப நாளாகிறது. அதற்கு முன்னும் பின்னும் அவர் வரைந்ததெல்லாம் மீன்பிடிப் படகுகள். இந்த ஒன்றில் மட்டும் தேவதை அவரைத் தொட்டுவிட்டாள் என்று அறிஞர்கள் எழுதினார்கள். தோர்லாக்கும் எழுதினான். ஒளிக்கோலை 'நிலவின் தொப்புள்கொடி' என்று எழுதினான். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

ஆனால் மெலாரும் கல்த்தாவிக்கும் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் படத்துக்கு வேறு கதை இருந்தது. அந்த முகம் சுன்னெவாவின் முகம். ஹால்பெராவின் அம்மா. ஹால்பெராவுக்கு நாலு வயதாக இருந்தபோது சுன்னெவா ஓர் இலையுதிர் காலத்தில் பிரான்டூரின் லாரியில் ஏறி ரெய்க்யாவிக் போனாள். இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சு நோய் வந்து அங்கேயே இறந்தாள். படம் மட்டும் பிரான்டூர் வீட்டில் இருந்தது. அப்புறம் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிரான்டூரின் வைப்பாட்டி, பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடியவள்.

பிரான்டூருக்குப் பிறகு இத்தனை நாள் தலைநகரில் இருந்த படத்தை, அவர் தம்பி மகன் இல்லுகி இப்போது ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். பட்டிக்கு அடுத்த ஊர்க்கூடத்தில் மாட்டியாகிவிட்டது. இன்று எல்லோரும் இறைச்சி சூப் குடித்த பிறகு அதன் கீழே ஒரு பித்தளைத் தகடு முடுக்கப்படும். 'மறைகுலப் பெண். வரைந்தவர் பிரான்டூர். படத்தில் இருப்பவர் அவர் காதலி சுன்னெவா.'

"இத்தனை வருஷம் வாயால சொன்னாங்க, பொறுத்துக்கிட்டேன்" என்று ஹால்பெரா சொல்லியிருந்தார். "இனிமே பித்தளையில சொல்லப் போறாங்க. பேரப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து அதைப் படிக்கும். அந்தப் படம் நெஜமா என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியணும். கெட்டதா இருந்தாலும் பரவால்ல. ஆனா தெரியணும்."

ஆறு நாட்களாகத் தெரியவில்லை. ஏழாவது நாள் கடா முட்டியது.

தோர்லாக் எழுந்திருக்கக் கையை ஊன்றியபோது, ஒரு வெள்ளைப் பெட்டையாடு குனிந்து அவன் முகத்தை முகர்ந்தது. மூக்குக்கு மூக்கு. இவ்வளவு நெருக்கத்தில் அவன் எந்த ஆட்டையும் பார்த்ததில்லை. சூப்பில் மட்டும்தான் பழக்கம். ஆட்டின் கண்ணைப் பார்த்தான். காதைப் பார்த்தான். ஒரு காதின் நுனியில் மீன்வால் போல ஒரு வெட்டு. மற்றக் காதின் நுனி கத்தரித்தது போல மட்டமாக இருந்தது.

"ஸ்வாவா!"

"வலிக்குதா?"

"படம்! போன்ல இருக்கற படத்தைக் காட்டு! காதைப் பெருசு பண்ணு!"

அவள் மதிலிலிருந்து குதித்து ஓடிவந்தாள். இருவரும் புழுக்கையில் மண்டியிட்டுப் பார்த்தார்கள். மறைகுலப் பெண்ணின் ஒரு காதில் மீன்வால் வெட்டு. மற்றக் காது மட்டமாக இருந்தது.

"மறைகுலத்தாருக்குக் காது இப்படி இருக்கும்னு நான் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கேன்" என்றான் தோர்லாக் பலவீனமாக.

"'பூமியின் கிசுகிசுப்பைக் கேட்கப் பிளந்த செவிகள்.' படிச்சேன் தலைவரே. அம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நாளைக்கப்புறம் வாய் விட்டுச் சிரிச்சாங்க."

அந்தப் பெட்டையாட்டைக் கொம்பில் பிடிக்க வந்த பையனிடம் தோர்லாக் மூச்சிரைக்கக் கேட்டான். "இது யாரோடது?"

"மெலாரோடது. காதுல வெட்டியிருக்கற குறியைப் பாத்தா தெரியாதா? பண்ணைக்குப் பண்ணை வேற." பையன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "ரெண்டு வருஷமா மலையில காணாமப் போயிருந்துச்சு. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க பிடிச்சு அனுப்பியிருக்காங்க."

"ரெண்டு வருஷம் கழிச்சு எதுக்கு அனுப்பறாங்க? வச்சுக்கலாமே."

"குறி இருக்கே?" என்றான் பையன். வேறு எதையும் விளக்கத் தேவையில்லை என்பது போல ஆட்டை இழுத்துக்கொண்டு போனான்.

தோர்லாக் ஓடினான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தடயம் தானாகவே வந்து அவன் மேல் விழுந்திருந்தது. சரியாகச் சொன்னால் அவன்தான் அதன் கீழே விழுந்திருந்தான். மெலார் பட்டியின் கதவருகே ஹால்பெரா நின்றுகொண்டிருந்தார். பக்கத்துப் பட்டிக்காரர் மதிலுக்கு மேலிருந்து, பட்டி நாளில் எல்லோரும் எல்லோரையும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"உனக்கு எத்தனை குறையுது, ஹால்பெரா?"

"இன்னும் ஒண்ணு."

"அக்கா!" தோர்லாக் ஸ்வாவாவின் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "காதைப் பாருங்க. அது மறைகுலக் காது இல்ல. ஆட்டுக் குறி! வலது காதுல மீன்வால், இடது காது மட்டம். உங்க அம்மா காதுல இருக்கறது உங்க பண்ணைக் குறி. மெலார் குறி!"

ஹால்பெரா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த அகன்ற முகத்தில் சின்ன ஒரு வெளிச்சம் வந்தது. நாலு வயதுப் பிள்ளையின் முகம் அதற்குள் எங்கோ இன்னமும் இருந்தது என்று தோர்லாக்குக்குத் தோன்றியது. இப்படி ஒரு முகத்துக்காகத்தான் தான் இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்று நினைத்துக்கொண்டான். உண்மையில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை போனதால்தான் வந்தான்.

"வலது காதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

இல்லுகி. பெரிய மனிதர், பெரிய தாடி, கையில் சூப் கிண்ணம். நாலு பண்ணைக்காரர்கள் அவரோடு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஆமா. வலது பக்கம் இருக்கே" என்றான் தோர்லாக்.

"தம்பி, அவ உன்னைப் பாத்தாப்ல நிக்கறா. உன்னோட வலது அவளோட இடது." இல்லுகி கரண்டியால் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "ஆட்டோட காதை ஆட்டுப் பக்கம் இருந்துதான் சொல்லணும். ரெய்க்யாவிக்ல ஆட்டுக்கு முதுகுப் பக்கம்தான் காது முளைக்குமோ என்னவோ."

சிரிப்பு எழுந்தது. தோர்லாக் பழக்கதோஷத்தில் சேர்ந்து சிரித்தான். பிறகுதான் கணக்கு மண்டைக்குள் ஓடியது.

"அப்போ... வலது மட்டம், இடது மீன்வால்."

"அது யார் குறின்னு கேளேன்."

தோர்லாக் கேட்கவில்லை. ஹால்பெராவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"கல்த்தாவிக் குறி" என்றார் ஒரு பண்ணைக்காரர். "மெலாருக்கு நேர் தலைகீழ். ரெண்டு பேருக்கும் இதனாலயே வருஷா வருஷம் சண்டை."

இல்லுகி கிண்ணத்தை மதில் மேல் வைத்தார். அவருக்கே இது புதுச் செய்தி. வாய் காதுவரை போனது. "பாத்தியா? இது நமக்குத் தெரியாமப் போச்சே! பெரியப்பா அவ காதுலயே குறி போட்டு வச்சிருக்கார்! இவ என்னோடதுன்னு! தம்பி, நீ கெட்டிக்காரன்தான். உன்னைப் பத்தித் தப்பா நெனச்சுட்டேன்."

"இல்ல, நான் சொல்ல வந்தது..."

"குறி சொன்னா சொன்னதுதான்!" இல்லுகி ஊருக்கே கேட்கச் சொன்னார். "இந்தப் பட்டியில குறிக்கு மேல பேச்சில்ல. என் தாத்தா காலத்துலயும் இல்ல, இப்பவும் இல்ல. என்னப்பா சொல்றீங்க?"

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். குறி விஷயத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு கருத்து கிடையாது.

ஹால்பெரா போனைத் துடைத்து ஸ்வாவாவிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த வெளிச்சம் போன இடம் தெரியவில்லை.

"கெட்டதா இருந்தாலும் பரவால்லன்னு நான்தானே சொன்னேன்" என்றார். பிறகு ஐஸ்லாந்துக்காரியாக இருந்ததால் மேலும் ஒன்று சொன்னார். "சூப் ஆறிடும். குடிச்சுட்டுப் போ, தம்பி."

சூப்பைக் குடித்தது தோர்லாக் வாழ்க்கையில் செய்த கேவலமான காரியங்களில் ஒன்று. அது ருசியாக இருந்தது அதைவிடக் கேவலம்.

*

வேன் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. ஸ்வாவா ஓட்டினாள். தோர்லாக் பக்கத்து இருக்கையில் ஆட்டு வாசனையோடு உட்கார்ந்திருந்தான். அவள் கிண்டல் செய்யாமல் இருந்தாள். அதுதான் அவனை ரொம்ப உறுத்தியது.

"ஏதாவது சொல்லேன்" என்றான்.

"சொல்ல என்ன இருக்கு?"

"ஒரு அம்மாவோட பேரைக் காப்பாத்தக் கூப்பிட்டாங்க. நான் போய் அவ காதுல முத்திரை குத்திட்டு வந்திருக்கேன். அதுவும் அவ பொண்ணு முன்னாடி. இல்லுகிக்கே தெரியாத ஆதாரத்தை இல்லுகிக்குக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கேன். இனிமே பித்தளைத் தகட்டுல 'ஆதாரம்: தோர்லாக்'னு போடுவாங்க."

"டிராம்போலினைவிட மோசம்தான்" என்று ஒப்புக்கொண்டாள் ஸ்வாவா. "காத்து உங்க மேல கோவிச்சுக்கல. ஹால்பெரா அழுதாங்க. கொட்டகைக்குப் பின்னால. நான் பாத்தேன்."

தோர்லாக் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினான். வெளியே பார்க்க முடியாமல் மேலே பார்த்தான். மேலே பின்பார்வைக் கண்ணாடி அவன் பக்கம் திரும்பியிருந்தது. காலையில் தலைவாரக் கண்ணாடியைத் திருப்பியவன் அவன்தான். அதற்காக ஸ்வாவாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவன்தான்.

கண்ணாடியில் ஒரு மலை தெரிந்தது. கொம்பு முளைத்த மலை.

எங்கோ பார்த்தது போலவும் எங்கும் பார்க்காதது போலவும் இருந்தது.

"ஸ்வாவா, பின்னால தெரியற மலை எது?"

"எத்தனை சூப் குடிச்சீங்க? அது இந்த ஊரு மலைதான். காலையிலேர்ந்து அதுக்குக் கீழதான் விழுந்துக்கிட்டிருந்தீங்க."

தோர்லாக் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தான். மலையின் கொம்பு இடது பக்கம். தலையை உள்ளே இழுத்துக் கண்ணாடியைப் பார்த்தான். கொம்பு வலது பக்கம். மறுபடி வெளியே. மறுபடி உள்ளே. மூன்றாவது முறை வெளியே நீட்டியபோது தொப்பி பறந்து போனது.

"தலைவரே, கழுத்து சுளுக்கிக்கும்."

"படத்துல கொம்பு எந்தப் பக்கம்?"

அவள் வண்டியை ஓரமாக நிறுத்திப் போனை எடுத்தாள். "வலது. அதான் அது கனவு மலைன்னு..." நிறுத்தினாள். போனைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். "அட!"

"கனவுமில்ல, மறைகுலமுமில்ல, பிற உலகமுமில்ல." தோர்லாக் கண்ணாடியைத் தட்டிக் காட்டினான். "நாலு பத்தி எழுதினேன் அந்த மலையைப் பத்தி! ஆழ்மனத்தின் சிகரம்னு! அது கண்ணாடியில தெரியற இந்த ஊரு மலை, ஸ்வாவா. அந்தப் பொம்பளை ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் கண்ணாடி முன்னால நின்னிருக்கா. அதான் கண்ணு நம்மளையே பாக்குது. அவ பாக்கறது நம்மள இல்ல, தன்னையே."

"அப்போ கையில இருக்கற தொப்புள்கொடி?"

"தூரிகை" என்றான் தோர்லாக். வாழ்க்கையில் எந்தச் சொல்லும் அவனுக்கு இவ்வளவு அவமானத்தையும் இவ்வளவு சந்தோஷத்தையும் ஒருசேரக் கொடுத்ததில்லை. "நுனியில சிவப்பு. பெயின்ட். வண்டியைத் திருப்பு!"

ஸ்வாவா ஏற்கனவே திருப்பிக்கொண்டிருந்தாள்.

*

ஊர்க்கூடத்தில் கூட்டம் நெரிந்தது. ஈரக் கம்பளியும் காபியும் சேர்ந்து மணத்தன. இல்லுகி ஏணியில் ஒரு படி ஏறி, பித்தளைத் தகட்டின் முதல் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். ஹால்பெரா கடைசி வரிசையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். போய்விடலாம் என்று இருந்திருப்பார். போனால் இவளும் ஓடிப்போனாள் என்பார்கள் என்று உட்கார்ந்திருப்பார்.

"நிறுத்துங்க!" என்று தோர்லாக் கத்தினான். எல்லோரும் திரும்பினார்கள். முதுகு முழுக்கப் புழுக்கை, தலையில் தொப்பி இல்லை. "நான் தப்புப் பண்ணிட்டேன்."

"அதுல என்ன புதுசு?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லுகி அண்ணே, உங்க திருப்புளியை ஒரு நிமிஷம் குடுங்க."

இல்லுகி நல்ல மனநிலையில் இருந்தார். சிரித்துக்கொண்டே கொடுத்தார். தோர்லாக் அதை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குள் ஓடினான். உள்ளே ஏதோ உடையும் சத்தம் கேட்டது. கூட்டம் ஸ்வாவாவைப் பார்த்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் அவள். "நான் சம்பளத்துக்கு வேலை பாக்கறவ. அதுவும் வரதில்ல."

தோர்லாக் கழிப்பறைச் சுவரில் இருந்த கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு மூலையில் கொஞ்சம் சுவரும் சேர்ந்து வந்திருந்தது. படத்துக்கு எதிரே போய், கூட்டத்துக்குத் தெரியும்படி சாய்த்துப் பிடித்தான்.

"படத்தைப் பாக்காதீங்க. கண்ணாடியில படத்தைப் பாருங்க. முதல்ல மலையைப் பாருங்க."

எல்லோரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒரு கிழவர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "நம்ம மலை! அடப்பாவி, நம்ம மலை!"

எல்லோரும் முண்டியடித்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டே வரையக்கூடிய மலை அது. கொம்பு இடது பக்கம், அதற்குக் கீழே சரிவில் ஒரு வெள்ளைக் கோடு. இத்தனை வருடம் அதைக் கனவு என்று சொன்னவர்கள் இப்போது வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

"இது எங்கேருந்து பாத்தா இப்படித் தெரியும்?" என்று தோர்லாக் கேட்டான்.

பதில் கடைசி வரிசையிலிருந்து வந்தது. "எங்க அடுப்படி ஜன்னல்லேருந்து." ஹால்பெரா எழுந்து நின்றிருந்தார். "கொம்புக்குக் கீழ அந்தக் கோடு எங்க ஜன்னல்லேருந்து மட்டும்தான் தெரியும். தெனம் பாத்திரம் கழுவும்போது பாக்கறேன்."

"கண்ணாடியில தன்னைப் பாத்துத் தானே வரைஞ்சா, வலது இடது மாறிடும்" என்றான் தோர்லாக். "கையில இருக்கறது மந்திரக்கோல் இல்ல. தூரிகை. நான் எழுதினதை மறந்துடுங்க. தயவு செஞ்சு மறந்துடுங்க. இந்தப் படத்தை வரைஞ்சது பிரான்டூர் இல்ல. மெலார் அடுப்படியில நின்னுக்கிட்டு சுன்னெவா வரைஞ்சது."

கூடம் இரைந்தது. இல்லுகி ஏணியிலிருந்து இறங்கினார்.

"இப்போ குறி" என்றான் தோர்லாக். கை வலித்தது, ஆனால் கண்ணாடியை இறக்கவில்லை. "இல்லுகி அண்ணே, காலையில நான் ஒரு தடவை திருப்ப மறந்தேன், நீங்க திருத்தினீங்க. ரெண்டாவது தடவை திருப்ப ரெண்டு பேருமே மறந்துட்டோம். நான் முட்டாளா இருந்தப்போ சரியாச் சொல்லிட்டேன், புத்திசாலி ஆனப்புறம்தான் தப்பாப் போச்சு. இந்தக் கண்ணாடியில நிக்கறதுதான் நெஜ சுன்னெவா. உங்க முறைப்படி, அவ பக்கம் இருந்து, நீங்களே படிங்க."

இல்லுகி கண்ணாடி முன் வந்து நின்றார். ஆட்டின் முன் நிற்பது போலவே காலை அகட்டி நின்றார். அறுபது வருடமாகக் காது பார்த்த கண் பொய் சொல்லப் பழகவில்லை.

"வலது மீன்வால்" என்றார். மற்றக் காதையும் பார்த்தார். "இடது மட்டம்."

"யார் குறி?"

அவர் கண்ணாடியிலிருந்து ஓர் அடி பின்வாங்கினார். காலையில் மதிலருகே சிரித்த பண்ணைக்காரர் பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார். "குறி சொன்னா சொன்னதுதான், இல்லுகி!"

"குறிக்கு மேல பேச்சில்லன்னு யாரோ சொன்னாங்களே" என்றாள் ஸ்வாவா கூரையைப் பார்த்துக்கொண்டு.

இல்லுகி தாடியைத் தடவினார். கோபப்படப் போகிறார் என்று தோர்லாக் கண்ணாடியைக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டான். ஆனால் இல்லுகி நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பெரியப்பா இது தன்னோடதுன்னு ஒருநாளும் சொன்னதில்ல" என்றார். "யாராவது கேட்டா எழுந்து வெளிய போயிடுவார். அடக்கம்னு நெனச்சோம். நாங்கதான் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம்."

ஹால்பெரா வரிசைகளைக் கடந்து வந்தார். யாரும் சொல்லாமலே வழி விட்டார்கள். அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார். தன் அகன்ற கையால் அம்மாவின் காதைத் தொட்டார். மீன்வால் வெட்டிய வலது காதை.

"தம்பி, அவ அந்த ஆளு கூடப் போனாளா இல்லையா?"

தோர்லாக்குக்கு ஒரு நல்ல பொய் கைவசம் இருந்தது. அதைச் சொல்லவில்லை. "தெரியாது, அக்கா. வரையறதுக்காகப் போனாங்களா, அவருக்காகப் போனாங்களா, ரெண்டுக்குமா, எனக்குத் தெரியாது. ஆனா கெளம்பறதுக்கு முன்னால கண்ணாடி முன்னால நின்னு, தான் யாரோடதுன்னு வரைஞ்சு வச்சிருக்காங்க."

ஹால்பெரா அந்த வெட்டை விரலால் ஒருமுறை தடவினார். பேசியபோது குரல் சின்னதாக இருந்தது.

"குறி போட்டுக்கிட்டுப் போயிருக்கா. யாராவது பாத்தா வீட்டுல கொண்டுவந்து விடுவாங்கன்னு."

கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். தோர்லாக் கண்ணாடியைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். கம்பளித் தூசு கண்ணில் விழுந்துவிட்டது என்று பிறகு சொன்னான். ஸ்வாவா நம்பினாள், அல்லது நம்பியது போல இருந்தாள்.

இல்லுகி எழுந்தார். மறுபடி ஏணியில் ஏறி, முடுக்கிய அந்த ஒரு திருகாணியைக் கழற்றித் தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு படத்தை ஆணியிலிருந்து தூக்கி இறக்கி, தவறான பட்டிக்குள் வந்துவிட்ட ஆட்டை உரியவரிடம் தள்ளிவிடுவது போல ஹால்பெராவின் பக்கம் நகர்த்தினார்.

"கூட்டிட்டுப் போ" என்றார் கரகரத்த குரலில். "சீக்கிரம். மனசு மாறிடப் போகுது."

ஹால்பெரா சட்டத்தின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, பின்னால் நடந்தபடியே படத்தைக் கூடத்துக்கு வெளியே கொண்டுபோனார். கூட்டம் முழுவதும் பின்னால் போனது. தோர்லாக் மட்டும் கழிப்பறைக் கண்ணாடியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அதையும் தூக்கிக்கொண்டு போனான். வெளியே காற்று அடித்தது. ஆடுகள் ஓய்ந்து நின்றன. ஹால்பெரா மெலார் பட்டிக்குள் நுழைந்து, படத்தைக் காற்றுப்படாத மூலையில் மதிலோடு சாய்த்து வைத்தார். இரண்டு வருடம் காணாமல் போயிருந்த அந்த வெள்ளைப் பெட்டையாடு வந்து அதை முகர்ந்து பார்த்தது.

பக்கத்துப் பட்டிக்காரர் மதிலுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அதனால் எப்போதும் கேட்பதையே கேட்டார்.

"எத்தனை குறையுது, ஹால்பெரா?"

ஹால்பெரா கதவை இழுத்துச் சாத்தி, கொக்கியைப் போட்டார்.

"இந்த வருஷம் எதுவும் குறையல."